கொழுப்புத் தோட்டாவும் சுத்தமான கைகளும்

சென்ற டிசம்பரில் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நான் இந்தியானாவில் ஒரு பழைய என்பீல்டு துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பதையும் மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுடுவதையும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். விமர்சக நண்பர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரன் நம்மைச் சுட்ட துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி எண்ணெய் போட்டுத் துடைக்கிறீர்கள். இதைவிட அடிமைப்புத்தி வேறு உண்டா?" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் தொடர்ந்து இருபது நிமிடம் 1857 பற்றிப் பேசினார். நிலவரி, 1856இல் அவத் இணைக்கப்பட்டது, கைவினைஞர்களின் அழிவு ஆகியவையே காரணங்கள். கொழுப்புத் தோட்டா என்பது அற்பமான சாக்கு. அதைப் பெரிதாக்கியது உயர்சாதிச் சிப்பாயின் தீட்டுப் பைத்தியம். இதுதான் அவர் பேச்சின் சாரம்.

நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடே. வங்காளப் படையில் உயர்சாதியினரே மிகுதி என்பதையும், அவத் இணைப்பு அவர்களுடைய வீட்டு வாசல்வரை வந்துவிட்ட பிரச்சினை என்பதையும் யாரும் மறுக்கவில்லை. என் சண்டை 'அற்பம்' என்ற அந்த ஒரு சொல்லோடு மட்டும்தான். எது அற்பம் என்று தீர்ப்பளிக்கிறவர் அந்தப் பொருளை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? நம் இலக்கியச் சூழலில் 1857 பற்றி எழுதாதவர் இல்லை. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தோட்டாவின் எந்த முனை கடிக்கப்பட்டது, எந்த முனையில் கொழுப்பு இருந்தது என்று தெரியும்?

துப்பாக்கி வாங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் இறந்துபோன விவசாயியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பரணில் இருந்து வந்த சாமான்களுக்கு நடுவே அது கிடந்தது. பூட்டுத் தகட்டில் கிரீடம், 1862, டவர் என்ற முத்திரைகள். குழலின் மேல் 25 என்ற எண் இரண்டு முறை. அது பர்மிங்காம் சோதனைச்சாலையில் குழலின் உள்விட்டத்தைக் குறித்த அடையாளம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதரப்பும் இந்த மாதிரித் துப்பாக்கியை இங்கிலாந்திலிருந்து வாங்கிக் குவித்தன. ஒன்பது லட்சம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1898க்குள் செய்யப்பட்ட துப்பாக்கியை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருள் என்றே கருதுகிறது. மாநிலச் சட்டம் குறுக்கிடாத இடத்தில் நாற்காலி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போகலாம். இந்தியாவில் அப்படி இல்லை. சுடமுடிகிற நிலையில் இருந்தால் அதன் வயது என்னவானாலும் உரிமம் வேண்டும். அது சரி என்பதே என் கருத்து.

சுடுவதற்கு முன் அதைப் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. இரும்புக் கோலைக் குழலுக்குள் அடிவரை இறக்கி, வாய் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிவைத்து அளந்தார். குழல் முப்பத்தொன்பது அங்குலம். கோல் இரண்டு அங்குலம் குறைவாகவே இறங்கியிருந்தது. "யாரோ நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார் சாதாரணமாக. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகளில் இது அடிக்கடி நேர்வதுதானாம். பல நாள் நீரும் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, கோல் நுனியில் திருகாணி மாட்டிக் குண்டை வெளியே இழுத்தார். பின்னால் கரிய சேறாக மருந்து வந்தது. வெள்ளை பூத்த அந்த ஈயக்குண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதை நிரப்பியவன் எதைக் கண்டு பயந்தான், ஏன் சுடவில்லை என்பதற்கு வழியில்லை. பிறகு பின்திருகைக் கழற்றிக் குழலின் உட்புறத்தைச் சோதித்து, கேப்பை மாட்டுகிற தேய்ந்த முனையை மாற்றி, 'குறைந்த மருந்தில் சுடலாம்' என்றார்.

இனி தோட்டாவுக்கு வருகிறேன். தோட்டா என்றதும் நம் மனத்தில் வருவது பித்தளை உறை. அது பிற்காலத்தது. என்பீல்டின் தோட்டா ஒரு காகிதச் சுருள். ஒரு பக்கம் கருமருந்து எழுபது கிரெயின், அதாவது நாலரை கிராம். மறுபக்கம் முப்பத்துநாலு கிராம் ஈயக்குண்டு. குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தின் வெளிப்புறம் கொழுப்பில் தோய்க்கப்பட்டிருக்கும். சிப்பாய் மருந்துப் பக்கத்து முறுக்கைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறான். மருந்தைக் குழலில் கொட்டுகிறான். சுருளைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புப் பக்கத்தைக் குழல்வாயில் செருகி, மிஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்து, கோலால் அடிவரை தள்ளுகிறான். பூட்டின் அருகே உள்ள முனையில் கேப்பை மாட்டிக் குதிரையைப் பின்னிழுத்துச் சுடுகிறான். பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான்.

கவனியுங்கள். கடிக்கும் முனை வேறு, கொழுப்பு முனை வேறு. இதை வைத்துக்கொண்டு 'சிப்பாய்களின் வாயில் கொழுப்பு படவே இல்லை, எல்லாம் வதந்தி' என்று எழுதியவர்கள் உண்டு. நண்பரின் 'அற்பம்' இந்த வாதத்தின் தமிழ் வடிவம்தான், அவருக்கே தெரியாமல். காகிதத்தில் வரைபடம் போட்டுப் பார்த்தால் அந்த வாதம் சரியாகவே தோன்றும். நான் ஆட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் உருக்கிச் சேர்த்து, பத்துத் தோட்டாக்களைச் செய்து ஒரு கட்டாகக் கட்டி, ஆகஸ்ட் மாத வெயிலில் மைதானத்துப் பலகைமேல் வைத்தேன். என்பீல்டு தோட்டாக்களும் பத்துப் பத்தாகத்தான் பொட்டலம் கட்டப்பட்டன. ஒரு மணி நேரத்தில் கட்டு முழுக்கக் காகிதம் கண்ணாடிபோல ஆகிவிட்டது. எந்த முனை எது என்ற வித்தியாசமே இல்லை. முதல் தோட்டாவைத் திருப்பிச் செருகியபோது கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிசுபிசுத்தன. இரண்டாவதைக் கடிக்க அதே விரல்களால்தான் பிடித்தாக வேண்டும். ஐந்தாவது தோட்டாவில் என் உதட்டில் ஆட்டுக்கொழுப்பின் வாடை. மருந்தின் உப்புக்கரிப்பு வேறு. நாக்கு வறண்டு தண்ணீருக்குத் தவித்தது. நான் இறைச்சி உண்கிறவன். எனக்கு அது அருவருப்பு மட்டும்தான். உண்ணக்கூடாது என்று விதிக்கப்பட்டவனுக்கு, அதிலும் அது எந்த விலங்கின் கொழுப்பு என்று சொல்ல ஆளில்லாத நிலையில், அது என்னவாக இருந்திருக்கும்?

கொழுப்பு இல்லாமல் சுட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒரு பகுதி வெண்புகையாகப் போகும், மீதி குழலுக்குள் கசடாக ஒட்டிக்கொள்ளும். குண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவுதான். ஐந்தாவது குண்டு பாதி வழியில் இறுகி நின்றது. கோலைத் தட்டித் தட்டி உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. நெற்றியில் வியர்வை அரும்பியது. கொழுப்போடு சுட்டபோது இருபதுவரை தடையில்லாமல் போனது. ஆக, கொழுப்பு ஒரு விபத்தல்ல, துணைப்பொருளும் அல்ல. பழைய வழவழப்பான குழலிலிருந்து இந்தப் புரிபோட்ட குழலுக்கு மாறியதன் விலை அது. மேலதிகாரிக்குத் தொள்ளாயிரம் கெஜம்வரை குறிவைக்கும் அளவுகோல் கிடைத்தது. சிப்பாய்க்குக் கையில் கொழுப்பு கிடைத்தது.

கம்பெனிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். இந்தத் தோட்டாக்கள் வெயிலில் என்ன ஆகின்றன என்று பார்ப்பதற்காகவே முதலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன, சிப்பாய்களின் பைகளிலேயே சுமக்கவைத்துச் சோதிக்கப்பட்டன. 1853 டிசம்பரிலேயே கர்னல் டக்கர் என்ற வங்காளப் படையின் உயரதிகாரி, கொழுப்பில் என்ன இருக்கிறது என்பது உறுதியாகாமல் இந்தியச் சிப்பாய்களிடம் இதைக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். எச்சரிக்கை கோப்பில் உறங்கியது. மாட்டுக்கொழுப்பு கலக்காமலிருக்கத் தனி முன்னெச்சரிக்கை ஏதும் எடுக்கப்படவில்லை என்பது பிற்பாடு அதிகாரிகளின் வாயாலேயே வெளிவந்தது. கொழுப்பு உருகுமா, குண்டு நழுவுமா என்று பார்த்தவர்களுக்கு, அது யாருடைய கையில் உருகுகிறது என்பது கேள்வியாகவே படவில்லை.

இப்போது 1857 ஜனவரியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயுதக்கிடங்கில் வேலைசெய்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் சொம்பில் தண்ணீர் கேட்கிறார். சிப்பாய் மறுக்கிறான். 'இன்னும் கொஞ்ச நாளில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும்?' என்ற பொருளில் அவர் திருப்பிக் கொடுக்கிறார். டம்டம்மில் இருந்த கேப்டன் ரைட் 1857 ஜனவரி 22 அன்று எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நம் நாவல்களிலும் நாடகங்களிலும் இந்தத் தொழிலாளி ஒரு நிமிடம் வந்துபோகிறார். வதந்தியைப் பற்றவைக்கும் தீக்குச்சி, அவ்வளவுதான். நண்பர் தமது இருபது நிமிட உரையில் அவரைக் குறிப்பிடவே இல்லை.

என் பார்வையில் அந்தக் காட்சியின் நாயகன் அவர்தான். ஏனென்றால் அந்த இடத்தில் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அவருடைய சாதிக்காரர்கள்தான் கொழுப்போடும் தோலோடும் புழங்கினார்கள். அந்தக் கிடங்கில் அவர் கைதான் வேலைசெய்தது. சிப்பாய்க்கு எட்டாத அறிவு அவரிடம் இருந்தது. தண்ணீர் கொடுக்க மறுத்த கைக்குப் பதிலாகத் தன் கை அறிந்ததை எடுத்து வீசினார். சாதியை விமர்சிக்கிற என் நண்பர் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. கொழுப்பு அற்பம் என்றால் கொழுப்பைத் தொட்டவனும் அற்பம் என்று ஆகிவிடுகிறது. தீட்டுப் பார்ப்பவனைத் திட்டிக்கொண்டே தீட்டுப் பார்ப்பது என்பது இதுதான்.

அந்தத் தோட்டாவின் மறுபக்கத்துக்கும் இதே கதை. கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். பிரிட்டனின் வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து போனது. மாட்டுத் தொழுவங்களையும் பழைய மண்சுவர்களையும் ஒட்டிய உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்தவர்கள் நோனியா என்ற சாதியினர். பல சிப்பாய்களின் சொந்த ஊரும் அதே கங்கைச் சமவெளிதான். தன் ஊர் மண்ணையே சிப்பாய் பல்லில் கடித்தான் என்று சொன்னால் அது கவிதைபோலத் தோன்றலாம். வெறும் தகவல்தான். நம் சரித்திர நாவல்களில் வெடியுப்பு காய்ச்சுகிற ஒரே ஒரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. துப்பாக்கிகள் வானத்திலிருந்து வருகின்றன, மருந்து அதற்குள் தானாகவே ஊறுகிறது.

சிப்பாய்களை முட்டாள்களாக்கும் இன்னொரு வாதத்தையும் இங்கே பேசிவிடலாம். பாரக்பூரில் பிப்ரவரியில் நடந்த விசாரணையில் அவர்கள் காகிதத்தின் மேலும் சந்தேகம் தெரிவித்தார்கள். காகிதம் விறைப்பாக இருக்கிறது, எரித்தால் சீறுகிறது, கொழுப்பு வாடை வருகிறது என்றார்கள். காகிதத்தில் கொழுப்பு இல்லை. அவர்கள் முடிவு தவறு. ஆனால் முறையைப் பாருங்கள். தொட்டுப் பார்த்தார்கள், கிழித்துப் பார்த்தார்கள், கொளுத்திப் பார்த்தார்கள். ஒரு பொருளைச் சந்தேகிக்கிறவன் செய்யவேண்டியது அதைத்தானே? எதையும் தொடாமல் 'மூடநம்பிக்கை' என்று எழுதுகிறவரைவிட அந்தச் சிப்பாய்க்கு அறிவியல் மனம் கூடுதல்.

துப்பாக்கியின் நுணுக்கம் அற்பமல்ல என்பதை வெற்றி பெற்றவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். கிளர்ச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரி என்றொரு துப்பாக்கியைத் தந்தார்கள். வெளிப்பார்வைக்கு என்பீல்டேதான். உள்ளே புரிகளே இல்லாத வழவழப்பான, அகன்ற குழல். தொலைவில் இருப்பவனைக் குறிவைத்து அடிக்க முடியாது. ஒரு பேரரசு தன் அவநம்பிக்கையை உலோகத்தில் இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பின்காலனியம் பற்றி நம் ஏடுகளில் வந்த கட்டுரைகளை அடுக்கினால் ஒரு மாட்டு வண்டி நிறையும். இந்தக் குழலைப் பற்றி ஒரு வரி உண்டா?

இதெல்லாம் வடக்கத்திய விவகாரம் என்று ஒதுங்கவும் முடியாது. கர்னல் நீல் தலைமையில் சென்னையிலிருந்து போன மதராஸ் ஃபியூசிலியர் படையில் ஒரு பகுதியினரிடம் இதே என்பீல்டுகள் இருந்தன. காசி, அலகாபாத், கான்பூர் என்று அந்தப் படை போன வழியெல்லாம் பிணங்கள். நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை அகற்றப்பட்டது. சிலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், அது நம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதால்.

பாஞ்சாலங்குறிச்சியையும் இப்படித்தான் பாழாக்கினோம். வெள்ளையனிடம் துப்பாக்கி, நம்மவரிடம் வேல், ஆகவே வீரம் நம்முடையது, அறிவியல் அவனுடையது. திரைப்படத்தில் அவன் துப்பாக்கி ஓயாமல் சுடும், புகையே வராது. முதல் குண்டு சுட்டதும் என் கண்ணெதிரே இருந்த இலக்கு வெண்புகையில் மறைந்துபோயிற்று. தீபாவளி இரவின் தெருவில் நிற்பதுபோல இருந்தது. புகை கலைந்து, மருந்து கொட்டி, கோலை இழுத்து, மறுபடி நிமிர எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. தேர்ந்தவனுக்கும் இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடியில் நீண்ட வேல்கம்போடு ஓடிவருகிறவன் என்ன செய்வான் என்று யோசித்தால், 1801 மார்ச் இறுதியில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமேல் நடந்த முதல் தாக்குதல் ஏன் பெரும் இழப்போடு முறிந்தது என்பது விளங்கும். அந்தப் போரில் கலந்துகொண்ட கம்பெனி அதிகாரி வெல்ஷ் தமது நினைவுக்குறிப்பில் அந்த நீண்ட வேல்களைத் தனியாகக் குறிப்பிடுகிறார். மே மாதம் கோட்டை விழுந்தது என்பது வேறு விஷயம். வேல் பிடித்தவன் மடத்தனமாகச் சாகவில்லை. எதிராளியின் கருவியை அறிந்து தன் கருவியைத் தேர்ந்தான். அவனை வெறும் வீரனாக்கி, அவனிடமிருந்து அறிவைப் பிடுங்கிவிட்டோம்.

தமிழ்நாட்டில் கோலால் மருந்து இடிக்கத் தெரிந்தவர்கள் நரிக்குறவர்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்த ஒரு பெரியவர், சிறுவனாயிருந்த எனக்குத் தம் நாட்டுத் துப்பாக்கியைக் காட்டினார். மருந்துக்கும் ரவைக்கும் இடையே தேங்காய் நாரைச் சுருட்டி அடைத்தார். "இடிக்கிறப்ப குழலுக்கு நேரா மூஞ்சிய நீட்டாத சாமி" என்றார். இந்தியானாவில் முதல்முறை கோலை எடுத்தபோது பயிற்சியாளர் சொன்ன முதல் விதியும் அதுவேதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய வேட்டை குற்றமாகிவிட்டது. சட்டம் தேவைதான். ஆனால் அந்தத் தொழிலறிவைப் பற்றி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்களா? நம் கதைகளில் அவர்கள் பாசிமணி விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

வன்முறை மோகம் என்ற குற்றச்சாட்டுக்கு நான் நீண்ட பதில் வைத்திருக்கவில்லை. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் குழலைக் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் கசடு ஈரத்தை இழுத்து மறுநாளே துருப்பிடிக்கும். அழுகிய முட்டை நாற்றத்தோடு கரிய தண்ணீர் வழியும். இருபது குண்டுக்கு ஒரு மணி நேரக் கழுவல். மோகம் உள்ளவர்கள் வேறு துப்பாக்கி வாங்குவார்கள், இந்த நாட்டில் அதற்குக் குறைவில்லை. அந்த மோகத்தின் விலையைப் பள்ளிக்கூடங்கள் கொடுப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பற்றி நண்பர் எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

செப்டம்பரில் இந்தியானாவில் ஃபிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933இல் தொடங்கப்பட்ட வாய்வழித் துப்பாக்கிக்காரர் சங்கத்தின் போட்டிகள் நடக்கும். நண்பர் மகளைப் பார்க்க அமெரிக்கா வரும் சமயமும் அதுதான். அழைத்திருக்கிறேன். சுடவேண்டாம்; அவர் கொள்கைக்கு அது ஒவ்வாது. பத்துத் தோட்டா சுருட்டிக் கொழுப்பில் தோய்த்துத் தந்தால் போதும். ஆட்டுக்கொழுப்பு ஆகாதென்றால் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறேன். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தபின் அதில் ஒன்றை அவரே கடித்துக் கிழிக்க வேண்டும்.